ஒழுங்கை முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட்

ஃபிராவ் யான்சென் நாற்காலியை விட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அது ஒரு சனிக்கிழமை காலை. வட ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில், குடியிருப்புக்குப் பக்கத்துப் பொது மண்டபத்தில், மாதத்தில் ஒருநாள் பழுதான பொருட்களைத் திருத்திக் கொடுப்பார்கள். ரெபராட்டூர் கஃபே என்று அதற்குப் பெயர். பாண் வாட்டும் மெஷினைக் கையில் பிடித்தபடி ஒருவர், சங்கிலி கழன்ற சைக்கிளோடு ஒருவர், என் பழைய மடிக்கணினியோடும் நாலு வயது மகளோடும் நான். கணினியில் இருந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, புதியதை இந்தக் கணினி தாங்காது, வேறு வாங்குங்கள் என்று திரையில் தினமும் அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. ஃபிராவ் யான்சென் பல் கட்டும் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் இங்கே சம்பளமில்லாமல் வருகிறார். கணினியின் முதுகைத் திறந்து தூசியைத் தட்டினார், லினக்ஸ் போட்டார். கடைசியில் திரை ஒரு புதிய பாஸ்வேர்டைக் கேட்டது. நான் மரியாதையாக, "நீங்களே ஒன்று போடுங்கள், பிறகு எனக்குச் சொன்னால் போதும்" என்றேன். அவர் சுடுசட்டியைத் தொட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். "நைன், நைன்", இல்லை இல்லை என்றார். எழுந்தார். போய்ச் சுவரில் ஒட்டியிருந்த நடன வகுப்பு விளம்பரத்தை, தன் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது என்பதுபோல வாசிக்கத் தொடங்கினார். என் மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, அவ ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறாவா? நான் போய் ஒளிக்கட்டா?"

எனக்கு முகம் சுட்டது. எங்கள் ஊரில் ஒருவர் உதவி செய்யும்போது அவரிடம் பாஸ்வேர்டை மறைத்தால், நீ கள்ளன் என்று அவருக்குச் சொல்வதற்குச் சமம். நான் பிறந்தது கிழக்குக் கரையில், வாவியோரத்து அமிர்தகழியில். அக்கா கலியாணம் முடித்தபோது முன்வீடு அவருக்கு என்று எழுதப்பட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்க வேண்டும். அப்படி வந்த அத்தான் வீட்டின் முன்னறையை இடித்துக் கதவு போட்டு ஒரு கொமினிகேசன் கடை திறந்தார். போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், பரீட்சை முடிவு பார்த்தல், வேலைக்கு விண்ணப்பம் அனுப்புதல். நல்ல மனிதர். விடிகாலையில் வந்து கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்கமாட்டார். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்கு முகநூல் கணக்கு வேண்டுமென்றாலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றாலும், அத்தான்தான் திறந்து கொடுப்பார். போன் நம்பர் கேட்டால் தன் நம்பரையே போடுவார். பாஸ்வேர்ட் கேட்டால், எங்கள் ஊர்க் கோயிலின் பெயரை, மாமாங்கம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோருக்கும் அதேதான். மறந்துவிட்டால் சத்தம் போட்டுக் கேட்கலாம், எதிர்வீட்டுக்காரர் சொல்வார். உயர்தரம் படிக்கும்போது எனக்கும் அப்படித்தான் ஒரு கணக்குத் திறந்து தந்தார். கலியாணம் முடித்து இங்கே வந்து, மொழி படித்து, பிள்ளை பெற்று, வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடும் ஆளாக மாறிய பிறகும் அந்தக் கணக்கையும் அந்த நம்பரையும் நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அந்தச் சனிக்கிழமையும், ஃபிராவ் யான்சென் சுவரைப் பார்த்து நிற்க, நான் அடித்தது மாமாங்கம் ஒன்று இரண்டு மூன்றுதான்.

லினக்ஸ் பற்றி இங்கே இருக்கும் நம்மவர்களிடம் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். கணவரின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, காசில்லாட்டிச் சொல்லியிருக்கலாமே, நான் ஒண்டு இறக்கித் தந்திருப்பன்" என்றார். அவர் சொன்ன இறக்குதல் களவாக இறக்குதல் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அத்தானின் கடையில் இருந்த மென்பொருள் எல்லாமே பூட்டு உடைத்த சீடிகள். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதே இங்கே வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். ஆகவே இலவசம் என்பது என்னை மயக்கவில்லை, எங்களுக்கு எப்போதும் எல்லாம் இலவசம்தான். என்னைப் பிடித்தது வேறு. மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். கோப்பு, திருத்து, பார் என்று பட்டியல் விழுந்தது. சில சொற்கள் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, சில எந்த ஊர்த் தமிழும் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, இந்தப் பொத்தானைத் தமிழில் ஒருத்தி அழுத்துவாள் என்று நம்பி அதை எழுதியிருக்கிறார். உள்ளே என்ன ஓடுகிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் சொல்லலாம் என்று ஃபிராவ் யான்சென் சொன்னார். எனக்கு அதைத் திறந்து பார்க்கும் அறிவு இல்லை. பார்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை என்பது போதுமாக இருந்தது. இதையெல்லாம் கணவரின் நண்பருக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு, ஏன் சொல்லாமல் விட்டேன் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் தேர்தல் வந்தது. ஒரு காலை, மகளுக்குக் கிண்டர்கார்ட்டனுக்குக் கொண்டுபோகப் பாண் வெட்டிக்கொண்டிருக்கும்போது சுகந்தி அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் என்னோடு படிப்பிப்பவர். "நீங்களும் அந்தாளுக்கோ சப்போட்? உங்களை நான் அப்பிடி நினைக்கேல்லை. சரி, அது உங்கட விருப்பம்தானே." விருப்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்திருந்தார். நான் முகநூலில் போய்ப் பார்த்தேன். என் முகம். பள்ளிக்கூடச் சீருடையோடு எடுத்த பழைய படம். அதைச் சுற்றி ஒரு வேட்பாளரின் நிறத்தில் வட்டம், கீழே அவருடைய சின்னம், அதற்கும் கீழே "எங்கள் குடும்பத்தின் தெரிவு இவரே" என்று ஒரு வரி. அந்த ஆளின் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். மேடையில் ஒரு வாய், கொழும்பில் ஒரு வாய். கீழே உருட்டினேன். அம்மாவின் கணக்கிலும் அதே வட்டம். எங்கள் அயலவர் ரோசலின் அன்ட்டி பறங்கியர், வெள்ளைக்கார வழி வந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் தமிழில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவருடைய கணக்கிலும் அதே தமிழ் வரி. இன்னும் கீழே, சின்னராசா மாமா. மாமா செத்து ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. அன்று காலை அவரும் எழுந்து வந்து தன் குடும்பத்தின் தெரிவை அறிவித்திருந்தார்.

மாமாவைக் கண்டதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அம்மாவின் படத்துக்குத் திரும்பிப் போனேன், சிரிப்பு நின்றது. அம்மா யாருக்கு வோட்டுப் போடுகிறார் என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அரசியல் பேசும் சத்தம் வாவிக்கரை வரை கேட்கும். அப்பா இருந்த காலத்தில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சண்டை பிடிப்பார். அம்மா அடுப்பில் ஆணத்தைக் கிண்டிக்கொண்டிருப்பார். "நீ ஆருக்குப் போட்ட?" என்று அப்பா கேட்டால், "போட்டாச்சு" என்பார். அவ்வளவுதான். யுத்தக் காலத்தில் ஆயுதம் வைத்திருந்த எத்தனையோ பேர் எங்கள் வாசல் படலையில் நின்று அதையே வேறுவேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆருடைய ஆட்கள்? அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார், ஒருவருக்கும் பதில் கொடுக்கவில்லை. அந்த வாய் மூடியிருந்தபடியால்தான் நாங்கள் மிஞ்சினோம் என்று நான் நினைக்கிறேன். அவ்வளவு காலம் அவர் காத்து வைத்திருந்ததை, மருமகன் ஒரு காலைப்பொழுதில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒழுங்கைக்கெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டார். அதுவும் பொய்யை.

அத்தானை அழைத்தேன்.

"அத்தான், என்ர பேர்ல ஒண்டு வந்திருக்கு."

"ஓம் புள்ள, நான்தான் போட்டன். வடிவா இருக்கா? அந்த வட்டம் செய்யத்தான் நேரம் எடுத்த."

"என்னட்டக் கேக்காம?"

"கேட்டா நீ ஓமெண்டுதானே சொல்லுவாய். நம்மட ஆள் புள்ள. வெண்டா நம்மட ஒழுங்கைக்குக் காப்பெட் ரோட்டு வரும், தண்ணி ஓடக் காண் வரும். மழைக்கு உன்ர அம்மா முழங்கால் தண்ணிக்குள்ளால போறா, தெரியுமா உனக்கு?"

"சின்னராசா மாமா செத்துப் போயிற்றார் அத்தான்."

"அதுக்கென்ன, இருந்திருந்தா இவருக்குத்தான் போட்டிருப்பார்."

நான் வெட்டிய பாணைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவர் குரல் இறங்கியது. "இஞ்ச பாரு, அங்க இருந்து சட்டம் பேச லேசு. அம்மாவ கிளினிக்குக்கு ஆரு கூட்டிற்றுப் போற? மருந்து முடிஞ்சா ஆரு ஓடுற? நான் உங்கட ஒண்டையும் களவெடுக்கல்ல. இது சும்மா ஒரு போட்டோ."

இதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கின்றன. கிளினிக் நாளில் ஓட்டோ பிடித்து, வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து கடை திறப்பவர் அத்தான்தான். நான் அனுப்புவது காசும் சொக்கலேட்டும். அவரைப் பகைத்தால் அதன் விலையைக் கொடுக்கப் போவது நான் இல்லை, அம்மா. கணவரிடம் சொன்னேன். அவர் மாங்கேணிக்காரர், கடற்கரையில் வளர்ந்தவர், அலை போகட்டும் என்று காத்திருக்கத் தெரிந்தவர். "விடு. தேர்தல் முடியட்டும். மறுகா எல்லாரும் மறந்திருவாங்க" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்த மாதத்து ரெபராட்டூர் கஃபே நாள், ஃபிராவ் யான்சென்னிடமும் சொன்னேன். கணக்கை மீட்பது எப்படி என்று கேட்கத்தான் போனேன். கதையைக் கேட்டதும் அவருடைய கழுத்துச் சிவந்தது. "போலிட்சை" என்றார். பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள், இது குற்றம்.

"அவர் என் அக்காவின் கணவர்."

"உண்ட்?" என்றார். அதனால் என்ன என்ற பொருளில்.

"அவர்தான் என் அம்மாவை வைத்தியரிடம் கொண்டுபோகிறவர்."

"அப்படியென்றால் அதற்கு வேறு சேவையை ஒழுங்கு செய்யுங்கள்."

அவர் கேலி பண்ணவில்லை. அவருடைய நாட்டில் அதற்கென்று சேவை இருக்கிறது, கூப்பிட்டால் வரும். என் நாட்டில் அந்தச் சேவைக்குப் பெயர் மருமகன். இதை எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்தேன். அவரோ, அந்த மருமகனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குள் வழக்கு நடந்தது. ஊரில் வெள்ளத்தில் நடக்காத எனக்கு ஊர் அரசியலில் வாய் வைக்க என்ன உரிமை? சரி, அப்படியே இருக்கட்டும், எனக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாத என் முகம் மட்டும் எதற்கு அந்த ஆளுக்கு? வெளிநாட்டில் இருப்பவள் பேசக்கூடாது, ஆனால் அவள் பெயர் பேசலாம் என்றால் அது என்ன நியாயம்? மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. கிண்டர்கார்ட்டனில் மகளின் படத்தை யாரும் இணையத்தில் போடக்கூடாது என்று நான் கையெழுத்து வைத்தபோது, தமிழ்ப் பள்ளியில் இரண்டு பேர் அதைத்தான் கேட்டுச் சிரித்தார்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது. மறைக்க ஒன்றும் இல்லாத வீட்டுக்கும் கதவு இருக்கிறது. அம்மா வோட்டைச் சொல்லாதது கள்ளத்தனத்தால் அல்ல. சொல்வதும் சொல்லாததும் அவருடையது என்பதால். எங்கள் ஊரில் வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதுகிறோம். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தக் கணவனும், எந்த அண்ணனும் அதில் ஒரு செங்கல்லை விற்க முடியாது. அதைப் பெருமையாக யாழ்ப்பாணத்தவரிடமும் சொல்வோம். காணிக்கும் வீட்டுக்கும் இவ்வளவு கவனமாக இருக்கும் நாங்கள், எங்கள் பெயரையும் முகத்தையும் முன்னறையில் கடை வைத்திருப்பவரிடம் சாவியோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். லினக்ஸில் மென்பொருளின் உள்ளே எல்லோரும் பார்க்கலாம், என் பாஸ்வேர்டை ஒருவரும் பார்க்க முடியாது. அத்தானின் கடையில் எங்கள் உள்ளே எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் எந்த வேட்பாளரோடு என்ன பேசினார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதையெல்லாம் யோசித்து முடித்தும் கை வரவில்லை. காரணம் சாதாரணமானது. படத்தை மட்டும் அழித்தால் அவர் மறுபடி போடலாம், பாஸ்வேர்டையும் நம்பரையும் மாற்றிக் கணக்கை மீட்க வேண்டுமென்றால் ஒரு குறியீட்டு எண் அனுப்பப்படும். அது போவது கணக்கில் பதிந்த நம்பருக்கு. அந்த நம்பர் அத்தானின் சேர்ட்டுப் பையில் இருந்தது.

அக்காவை அழைத்தேன். அக்கா அதிகம் பேசாதவர். நான் சொல்லச் சொல்ல "ம்" என்று மட்டும் கேட்டது. கடைசியில், "நேத்து மாமி வந்தவ" என்றார். சின்னராசா மாமாவின் மனைவி. "என்ர மனுசன்ட படத்த எடுக்கச் சொல்லு புள்ள, கனவில வாறார் எண்டு அழுதிற்றுப் போறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் குளிக்கப் போயிற்றார். போன் சேர்ட்டுக்குள்ளதான் இருக்கு. நீ இப்ப அனுப்பு. கெதியா, கெதியா" என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் போனில் கேட்டது. அக்கா ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார், நடுவில் ஒருமுறை நிறுத்தி, "தலைக்குத்தான் ஊத்துறார், நேரம் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவரின் தனிப்பட்ட விடயம் என்று இவ்வளவு பிரசங்கம் செய்கிறவள், இன்னொருவரின் சேர்ட்டுப் பைக்குள் அவருக்குத் தெரியாமல் கைவிட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் அக்காவின் கையால். அது சரியா என்று இப்போதும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். நான் எடுத்தது எனக்கு வந்த எண். வேறு எதையும் அக்கா பார்க்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. இந்தப் பதில் முழுதாகப் போதாது என்று தெரியும். இருந்தும் மறுபடி அப்படி ஒரு காலை வந்தால் மறுபடி அழுத்துவேன்.

புதிய பாஸ்வேர்ட் வைத்தேன், நம்பரையும் என்னுடையதாக மாற்றினேன். இந்தமுறை மாமாங்கம் இல்லை. அந்தப் படத்தை அழித்துவிட்டு என் பெயரில் இரண்டு வரி எழுதினேன். "இந்தக் கணக்கில் தேர்தல் பற்றி வந்ததை நான் எழுதவில்லை. நான் யார் பக்கம் என்பதை நானே சொல்வேன், விருப்பமில்லாவிட்டால் சொல்லாமலும் இருப்பேன்." அத்தானின் பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை, ஒழுங்கைக்கு அது விளங்கியது. ரோசலின் அன்ட்டி யாரையோ கொண்டு வாசிப்பித்திருக்கிறார். நேராகக் கடைக்குப் போய், "தம்பி, நான் ஆருக்கு வோட்டுக் கேட்ட எண்டு எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க பாப்பம்" என்று கேட்டாராம். கடையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் அத்தான் என்னை அழைத்தார்.

"சந்தோசமா? ஊரெல்லாம் என்னப் பாத்துப் பல்லக் காட்டுது."

"நான் உங்கட பேரச் சொல்லல்ல அத்தான்."

"சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. ஜெர்மன்காரி ஆயிற்றாய். நாங்க இஞ்ச உனக்குக் கூலியாக்கள்."

"நீங்க எனக்கு அத்தான். நாளைக்கும் அத்தான்தான். என்ர பேர் மட்டும் என்னட்ட இருக்கட்டும்."

வைத்துவிட்டார். அதன் பிறகு இன்றுவரை என்னோடு அவர் பேசவில்லை. தேர்தலும் முடிந்துவிட்டது. அந்த ஆள் வென்றாரா தோற்றாரா என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒழுங்கையில் இன்னும் தண்ணீர்தான் நிற்கிறது. கணவர் என்னோடு கோபிக்கவில்லை, நான் எழுதிய இரண்டு வரியை யாருக்கும் தெரியாமல் விருப்பக் குறி போட்டிருந்தார், நான் பார்த்துவிட்டேன். சுகந்தி அக்கா அடுத்த வாரம் தமிழ்ப் பள்ளியில் வந்து, "அப்ப நீங்கள் ஆருக்குத்தான் சப்போட்?" என்று கேட்டார். அம்மாவைப்போலச் சொல்லிப் பார்த்தேன். "போட்டாச்சு அக்கா." எனக்கு இங்கிருந்து வோட்டே இல்லை என்பது அவருக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் ஞாபகம் வந்திருக்கும்.

நான் பயந்தது அம்மாவின் கிளினிக் நாளுக்கு. அந்த நாள் வந்தது. அக்கா சொன்னார், அத்தான் வழக்கம்போல விடிய எழுந்து ஓட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாராம். அம்மா ஏறவில்லை. "மருமகன்" என்று கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மருமகனோடு மாமியார் அதிகம் பேசுவதில்லை. பேசினால் அது பெரிய விடயம். "ஆக்கள் என்னட்டக் கேக்கிறாங்க, நீங்க அவருக்கா எண்டு. இத்தன வருசத்துல நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. பட்டாளத்துக்கும் சொல்லல்ல, இயக்கப் பெடியனுகளுக்கும் சொல்லல்ல, உங்கட மாமனாருக்கும் சொல்லல்ல. நீங்க சொல்லிற்றீங்க." அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அம்மா ஓட்டோவில் ஏறிவிட்டார். அத்தானும் முன்னால் ஏறினார். வரிசையில் நின்றார், மருந்து எடுத்தார், கொண்டுவந்து விட்டார். இந்த மனிதரை எந்தச் சேவையால் ஈடு செய்வது என்று ஃபிராவ் யான்சென்னிடம் நான் எப்படிக் கேட்பேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தார். பின்வளவு வீட்டுக்குள் இருந்தார். அக்காவுக்கு முன்வீட்டைக் கொடுத்தபிறகு அம்மா பின்னால் எனக்கென்று கட்டிய வீடு அது. என் பெயரில் எழுதியிருக்கிறது, சுவர் பூசி முடியவில்லை, நான் அதில் ஓர் இரவும் படுத்ததில்லை. அம்மா அங்கே இருக்கிறார். அவர் தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணக்குக்கும் எண் போவது அத்தானின் நம்பருக்குத்தான். இந்த முறை யாரும் யாருடைய சேர்ட்டுக்குள்ளும் கைவிடவில்லை. அம்மா முன்வீட்டுப் பக்கம் பார்த்து, "மருமகன், அந்த நம்பர் வந்திற்றா?" என்று சத்தமாகக் கேட்டார். பிறகு கடைக்குள்ளிருந்து, முகம் காட்டாமல், அத்தானின் குரல் ஒவ்வொரு இலக்கமாக வந்தது. கடைசி இலக்கத்தை இரண்டு தரம் சொன்னார், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அவருக்குத் தெரியும்.

புதிய பாஸ்வேர்டுக்கான பெட்டி வந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன போடோணும்?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டு அம்மா. எங்களுக்குச் சொல்லக் கூடாது."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

அம்மா யோசித்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் கண்டதில்லை. "அப்பிடியெண்டா நீ அங்கால கிறுகு" என்றார். திரும்பி நில் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "மூத்தவள், நீயும்தான். போனப் புடிச்சுக்கொண்டு கிறுகு."

நான் போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றேன். வாடகைச் சுவர். மகள் பென்சிலால் கீறியதெல்லாம் அதில் இருக்கிறது, வீட்டை விடும்போது வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும். நான் சுவரோடு நிற்பதைக் கண்டதும் மகளுக்கு விளையாட்டுத் தொடங்கிவிட்டது. "எண்ணுங்க அம்மா, எண்ணுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினாள், எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. முதுகுக்குப் பின்னால், என் பெயரில் இருக்கும் வீட்டுக்குள்ளிருந்து, அம்மாவின் விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தொடும் சத்தம் வந்தது. நிறுத்தினார். அழித்தார் போலும். மறுபடி தொட்டார். நீளமான சொல்லாக இருக்க வேண்டும். நான் தமிழில் எண்ணத் தொடங்கி, மகளுக்குக் கேட்கட்டும் என்று ஜெர்மன் மொழிக்கு மாறி, அது அம்மாவுக்கு விளங்காதே என்று மறுபடி தமிழுக்கு வந்தேன். இரண்டு வீட்டிலும் ஒவ்வொருவர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"இனிக் கிறுகலாம்" என்று அம்மா சொன்னார்.

"இன்னும் இல்லை!" என்று அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்.

நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.